கொழும்புச் சம்பந்திகளுக்கு நான் ஊர் காட்டியது

கொழும்பிலிருந்து வந்த அந்தக் கடிதத்தைச் சித்தப்பா என் கையில் கொடுத்தபோது, அதை அப்படியே அடுப்பில் போட்டுவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. மாப்பிள்ளையின் அம்மா எழுதியிருந்தார். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு பேர் வருகிறார்களாம். அதில் பாதிப் பேர் இந்தியாவில் கால் வைத்ததே இல்லையாம். கப்பலும் ரயிலுமாக இவ்வளவு தூரம் வந்துவிட்டு, தாலி கட்டுவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் மனசு ஆறாதாம். ஆகையால் முகூர்த்தத்துக்கு முந்திய நாலைந்து நாட்களில் எங்கெங்கே போகலாம், என்னென்ன பார்க்கலாம் என்று விவரம் தெரிந்த யாராவது எழுதி அனுப்பினால் உபகாரமாக இருக்குமாம்.

"ஏட்டி, உனக்குத்தான் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். குத்தாலத்துல எந்தப் பாறை எங்கன கெடக்குன்னு உனக்கு அத்துப்படி. நீயே எழுதிரு. அவுக வந்த பொறவு நீயே கூட்டிட்டுப் போயிட்டும் வந்திரு" என்றார் சித்தப்பா.

அவர் மனசில் கள்ளம் கிடையாது. மிளகும் பாக்கும் வாங்கி விற்கிற மனுஷர். யாருக்கு எந்த வேலை வரும் என்று பார்த்து அந்த வேலையைக் கொடுப்பார். கள்ளம் இருந்திருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஏனென்றால் அந்தக் கொழும்புக்காரர்கள் நாலு மாதத்துக்கு முன் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தது என்னை. கட்டிக்கொண்டு போகப்போவது என் சித்தப்பா மகளை.

தென்காசியில் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அப்பா குற்றாலத்தில் ஒரு ஜமீன் பங்களாவுக்கு மேற்பார்வை. சீசன் மாதங்களில் நாங்கள் அங்கேயே போய்த் தங்கிவிடுவோம். அதனால் அருவிகள் எனக்குப் பழக்கம். சித்தப்பா மகள் எனக்கு எட்டு மாதம் இளையவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்; எனக்கும் அவள் தங்கைதான். ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில் கொழும்பிலிருந்து மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் ஒரு தாய்மாமனும் வந்தார்கள். நான் அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் பளிச் பளிச்சென்று பதில் சொன்னேன். எஸ்.எஸ்.எல்.சி. முதல் தடவையிலேயே பாஸ் என்று சொன்னேன். பாடச் சொன்னார்கள், பாடினேன். தாய்மாமன் செங்கோட்டை ரயில் மதியம் ஒரு மணிக்கு என்று சொன்னபோது, அது ஒரு மணிக்கு இல்லை என்று சரியான நேரத்தைச் சொன்னேன். சித்தப்பா மகள் செய்ததெல்லாம் ஒன்றே ஒன்று. அவர்களுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஒரு வாரம் கழித்து, இளையவளைக் கேட்கிறோம் என்று கடிதம் வந்தது. காரணம் எழுதவில்லை. காரணம் எழுதாதது எவ்வளவு பெரிய தண்டனை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டு ஆச்சிகள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். நிறம் என்றாள் ஒருத்தி. பல்வரிசை என்றாள் இன்னொருத்தி. நான் கண்ணாடி முன் நின்று என் பல்லைப் பார்த்தேன். பல்லுக்கு ஒன்றும் குறையில்லை.

அன்று மாலையே தங்கை என்னிடம் வந்தாள். "அக்கா, நான் வேண்டாம்னு சொல்லிரட்டா?"

"ஏன், எனக்குப் பிச்சை போடுதியாக்கும்?" என்றேன். அவள் அழுதுகொண்டே போனாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

பொறாமையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ஏதோ பெரிய தீ மாதிரி எழுதுகிறார்கள். எனக்கு அப்படி இல்லை. அது காலையில் பல் தேய்க்கும்போது வந்து உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் விளக்கேற்றும்போதும் அங்கேயே இருக்கும். கொழும்பிலிருந்து நிச்சயத்துக்கு வந்த பிஸ்கட் டின்னைப் பார்த்தால் பொறாமை. அந்த டின்னில் சித்தி கொத்தமல்லி போட்டு வைத்தாள், அதைத் திறந்து மூடும்போதெல்லாம் பொறாமை. அவளுக்கு வந்த நைலான் சேலையைத் தொட்டுப் பார்க்கக் கூப்பிட்டாள். கையில் மாவு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உண்மையில் என் கையில் ஒன்றும் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த மாப்பிள்ளை வேண்டும் என்று இல்லை. மூக்குக்கண்ணாடியைத் தவிர அவர் முகத்தில் எதுவும் எனக்கு நினைவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். மாப்பிள்ளையின் அம்மா, கொழும்பு அத்தை என்று நாங்கள் சொல்லத் தொடங்கியிருந்தோம், அவர் வாயால், நாலு பேர் கேட்க, "இந்தப் பிள்ளையைப் போய் விட்டுட்டோமே" என்று சொல்லவேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் சொல்லவேண்டும். சொன்னால் போதும், நான் சந்தோஷமாகப் பந்தியில் பரிமாறுவேன்.

அதற்காகத்தான் அந்தப் பட்டியலை எழுத உட்கார்ந்தேன். முழுநீளத் தாளில் மூன்று பக்கம் வந்தது. சித்தப்பா தன் சிநேகிதர் ஒருவரின் அரிசி மில்லையும் சேர்க்கச் சொன்னார். "புது மிசினு, ஜப்பான்காரன் செஞ்சது, பாக்கவேண்டிய சாமான்" என்றார். நான் சேர்க்கவில்லை. வெறும் இடங்களின் பெயரை எழுதினால் யாரும் எழுதலாம். நான் வேளையையும் சேர்த்து எழுதினேன். பேரருவிக்கு விடிந்து ஒரு நாழிகைக்குள் போகவேண்டும், அப்போதுதான் கூட்டம் இருக்காது. தென்காசிக் கோயிலுக்குச் சாயங்காலம் போகவேண்டும், அப்போதுதான் கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளும். குற்றாலத்துச் சித்திரசபைக்குப் பதினொரு மணி, அப்போதுதான் சுவரில் படம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் விழும். செங்கோட்டையில் ரயிலேறி மலைக்குள் போய், குகைகளையும் பாலத்தையும் பார்த்துவிட்டு, எதிரே வருகிற வண்டியில் திரும்பிவிட வேண்டும். இதையெல்லாம் எழுதிக் கீழே, எண்ணெயும் சீயக்காயும் நாங்களே கொண்டுவருவோம், நீங்கள் மாற்றுச் சேலை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்றும் எழுதினேன். கடைசியில் என் கையெழுத்தையும் போட்டேன். அப்பா பார்த்துவிட்டு, சித்தப்பா பெயரில் போகிற கடிதத்தில் உன் கையெழுத்து எதற்கு என்றார். எழுதியது நான்தானே என்றேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பந்தக்கால் நட்டுவிட்டால் கல்யாணப் பெண் வாசல்படி தாண்டக்கூடாது. அருவி, ஆறு, மலைப்பக்கம் பேச்சே கிடையாது. கொழும்புக்காரர்கள் வந்து இறங்கிய அன்று காலையில்தான் பந்தக்கால் நட்டார்கள். ஆக, நாலு நாளும் பெண் வீட்டுக்குள்ளே; விருந்தாளிகள் என்னோடு. நாள் குறித்தது ஜோசியர்தான், ஆனால் நானே குறித்திருந்தாலும் அதைவிட வசதியாகக் குறித்திருக்கமாட்டேன்.

முதல் நாள் மானம் போயிற்று. இரண்டு குதிரை வண்டிகளில் குற்றாலம் போனோம். ஆனி மாதம், சாரல் பூப்போல விழுந்துகொண்டிருந்தது. அருவிக்குப் போகும் வழியில் பழக்கடைகள். தமிழ்நாட்டில் வேறு எங்கேயும் கிடைக்காத பழங்கள் என்று நான் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி விளக்கம் கொடுத்துக்கொண்டே மங்குஸ்தானையும் ரம்புத்தானையும் எடுத்து நீட்டினேன். மாப்பிள்ளையின் தங்கைகள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"இது கொழும்புல எங்க வீட்டு வாசல்ல கூடை கூடையா வரும், பிள்ளே. கால்ல மிதிபடும்" என்றார் கொழும்பு அத்தை. அவர் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம்தான். கல்யாணமாகிக் கடல் தாண்டி இருபத்தைந்து வருஷம் ஆகியும் பேச்சில் ஊர் போகவில்லை.

என் முகம் சுண்டிப்போயிற்று. சாரலில் நனைந்துகொண்டே மனசுக்குள் தங்கையைத் திட்டினேன். ரம்புத்தான் கொழும்பில் விளைவதற்கு அவள் என்ன செய்வாள்? ஆனாலும் திட்டினேன். மிதிபடுகிற அளவுக்குப் பழம் விளைகிற வீட்டுக்கு அவள் போகிறாளே என்று திட்டினேன்.

அருவிதான் என்னைக் காப்பாற்றியது. கொழும்பு அத்தைக்குத் தண்ணீரைக் கண்டு பயம். பெண்கள் குளிக்கும் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்த இரைச்சலைப் பார்த்து, "நான் இங்கனயே ஓரமா நின்னு தலையைத் தொட்டுக்கிடுதேன்" என்றார். நான் விடவில்லை. படியில் உட்காரவைத்து நடு உச்சியில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தேன். முழங்கை, முழங்கால், முதுகுத்தண்டு எல்லாம் தேய்த்தேன். பிறகு இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து அவரை உள்ளே இழுத்தேன். "மேல பாக்காதீக அத்தை. குனிஞ்சுக்கிடுங்க. முதல் அடிக்கு மட்டும் மூச்சைப் பிடிச்சுக்கிடுங்க, பொறவு அதுவே பழகிரும்" என்று காதில் கத்தினேன். தண்ணீர் முதுகில் விழுந்ததும் அலறினார். அடுத்த நிமிஷம் சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் அவரை வெளியே கொண்டுவருவதுதான் பாடாகிவிட்டது.

குற்றாலத்தில் குளித்தவர்களுக்குத் தெரியும், வெளியே வந்ததும் ஒரு பசி பசிக்கும். அந்தப் பசிக்குப் பெரிய மனுஷர், சின்ன மனுஷர் வித்தியாசம் கிடையாது. நான் உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும் பெரிய தூக்குச்சட்டியில் துணி சுற்றிச் சூடாகக் கொண்டுபோயிருந்தேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கொழும்பு அத்தை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாவது தடவை வாங்கும்போது என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் ஏதோ ஒரு கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. சொல் வரும் என்று காத்திருந்தேன். "உப்பு சரியா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்குத் திரும்பினால் தங்கை நிலைப்படிக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருப்பாள். அவளுக்கு எல்லாம் தெரிய வேண்டும்.

"அருவியில தண்ணி நெறைய விழுதா? அத்தை பயந்தாகளா? என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாகளா?"

"உன் மாமியாருக்கு முதுகு தேச்சு விட்டேன். குளிக்கப் பயப்பட்டாக, நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். உன்னைப் பத்தி ஒண்ணும் கேக்கலை" என்றேன். கடைசி வார்த்தை உண்மைதான். ஆனால் உண்மை என்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை.

"என்னை அவுகளுக்குத் தெரியவே தெரியாதே, அக்கா. அங்கன போய் நான் என்ன செய்யப் போறேன்?" என்றாள். அவளுக்குப் பயம். அப்போது அது எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நான் முயற்சியும் செய்யவில்லை.

மறுநாள் ரயில். செங்கோட்டையிலிருந்து மலையேறும் வண்டி. கரி எஞ்சின் என்பதால் குகைக்குள் நுழைந்தால் புகை பெட்டிக்குள் வந்துவிடும். எந்தக் குகை எந்த வளைவில் வரும் என்று எனக்குத் தெரியும். குகைக்குக் கொஞ்சம் முன்னாலேயே "பலகையை இறக்குங்க, இறக்குங்க" என்று கத்தி எல்லா ஜன்னலையும் இறக்கவைத்தேன். பிள்ளைகள் இருட்டில் ஓ என்று கத்தினார்கள். வெளிச்சத்துக்கு வந்தபோது எங்கள் பெட்டியில் எல்லாருடைய வேட்டியும் சேலையும் கரி படாமலே இருந்தன. அடுத்த பெட்டியிலிருந்து ஆரியங்காவில் இறங்கியவர்கள் அடுப்புக்குள்ளிருந்து வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வாய் திறந்து பேசாதவர். அவரே, "கெட்டிக்காரப் பிள்ளை" என்றார். அவர் சொன்னது கணக்கில் சேராது. எனக்கு வேண்டியது அத்தையின் வாய்.

மூன்றாம் நாள் தென்காசிக் கோயில். கோபுரம் அந்தக் காலத்தில் இடி விழுந்து எரிந்த நிலையில் இரண்டாகப் பிளந்து நின்றது. அதைப் பார்த்ததும் அவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் அவர்களை நிமிர்ந்து பார்க்கவிடாமல் பேசிக்கொண்டே வாசலுக்குள் கூட்டிப் போனேன். காற்று எதிரே வந்து முகத்தில் மோதித் தள்ளியது. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் சிரித்தார்கள். இன்னும் பத்தடி போனதும் அதே காற்று முதுகைப் பிடித்து உள்ளே தள்ளியது. இதற்காகவே சாயங்காலம் வரச் சொன்னேன் என்றேன். கொழும்பு அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிறகு அந்தப் பிடியை எடுக்கவே இல்லை. சிற்பங்களைப் பார்த்தபோதும், தெப்பக்குளப் பக்கம் போனபோதும், வீடு வந்து சேரும்வரைக்கும் என் தோளில்தான் கை.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் நலங்கு. நடுக்கூடத்தில் மனைப்பலகையில் தங்கை உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்க மஞ்சள். சுற்றிலும் இரண்டு வீட்டுப் பெண்களும். நான் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன். கொழும்பு அத்தை மருமகளின் கன்னத்தில் மஞ்சளைத் தடவிவிட்டு, நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, இம்புட்டுச் சூட்டிகையான பிள்ளையைப் போய் விட்டுட்டோமேன்னு எனக்கு இப்ப மனசு அடிச்சுக்கிடுதே" என்று உரக்கச் சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். சித்திகூடச் சிரித்தாள், வேறு என்ன செய்வாள்.

நானும் சிரித்தேன். நாலு நாள் எண்ணெய் தேய்த்தும், சோறு சுமந்தும், ஜன்னல் இறக்கியும் உழைத்த கூலி கைக்கு வந்துவிட்டது. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மறுநாள் முகூர்த்தத்தில் யாரும் சொல்லாமலே ஓடி ஓடி வேலை செய்தேன். அதற்கு மறுநாள் மறுவீட்டு விருந்தான சொதிச் சாப்பாட்டுக்கு நானே தேங்காய்ப் பால் பிழிந்தேன். இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். ரயிலடியில் தங்கை என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது, பாவம் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

அடுத்த வருஷம் எனக்கும் கல்யாணம் நடந்தது. அவர் கடையநல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நல்ல மனுஷர். நாங்கள் தென்காசியிலேயே குடியிருந்தோம். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. கொழும்புத் தபால்தலை ஒட்டிய கடிதத்தைத் தபால்காரர் நீட்டினால் அது பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். கடற்கரை, மிருகக்காட்சிசாலை, மின்விசிறி என்று எழுதுவாள். நான் பதிலுக்கு நலம், நலமறிய அவா என்று மூன்று வரியில் முடிப்பேன். போகப்போக அவள் கடிதமும் சிறுத்துக்கொண்டே வந்தது. பெரிய இடத்துக்குப் போய்விட்டாள், நம்மை மறந்துவிட்டாள் என்று அதற்கும் பொருமினேன்.

தனுஷ்கோடியில் புயல் அடித்ததற்கு முந்திய வருஷம், ஆவணி மாதத்தில் அவள் வந்தாள். பிள்ளைக்குப் பண்பொழித் திருமலையில் முடி இறக்க வந்திருந்தார்கள். அவள், மூன்று வயசுப் பையன், கொழும்பு அத்தை. வாசலில் கால் வைத்ததுமே அத்தை, "எங்கட்டி நம்ம கெட்டிக்காரி?" என்று என்னைத்தான் கேட்டாராம். ஆள் விட்டார்கள். போனேன். நாளைக்குக் குற்றாலம் போகிறோம், நீதான் கூட்டிப் போகிறாய் என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

கிணற்றடியில் தங்கை பையனின் துணியை அலசிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். நைலான் சேலைதான் கட்டியிருந்தாள். நான் போய் நின்றேன். அவள் தலை நிமிராமலே பேசினாள்.

"அக்கா, அஞ்சு வருசமா அந்த வீட்டுல எனக்கு நீதான் சக்களத்தி."

எனக்கு விளங்கவில்லை. என்ன சொல்லுதே என்றேன்.

"காப்பி ஆறிட்டுன்னா, உங்க அக்காவா இருந்தா ஆறுமா. பஸ்ஸு தப்பிட்டுன்னா, உங்க அக்கா இருந்தா தப்புமா. விருந்தாளி வந்தா நாலு வார்த்தை பேசத் தெரியலை, உங்க அக்கா எப்படிப் பேசுவா. பிள்ளை அழுதாக்கூட நீதான். ஒவ்வொரு நாளும் நீதான். பெரியவளை எடுத்திருக்கணும், கண்ணு அவிஞ்சு போச்சுன்னு நான் இருக்கும்போதே வாரவுககிட்டச் சொல்லுதாக."

துணியைப் பிழிந்தாள். பிழிந்து முடித்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"நலங்குல அவுக அதைச் சொன்னப்ப நீ சிரிச்சே. மஞ்சள் கண்ணுல எரிஞ்சுது, ஆனாலும் பாத்தேன். எல்லாரும் சும்மா சிரிச்சாக. நீ மட்டும் சந்தோசமா சிரிச்சே" என்றாள்.

என்னென்னவோ சொல்ல நினைத்தேன். ஆனால் நான் இங்கே உண்மையை எழுதுவதென்று உட்கார்ந்திருக்கிறேன். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே, கடல் தாண்டி ஒரு வீட்டில் தினமும் என் பேர் சொல்லப்படுகிறது என்று என் மனசில் ஒரு மூலை குளிர்ந்தது. அந்த மூலையை எனக்குத் தெரியும். அதை நான்தான் தீனி போட்டு வளர்த்தேன். அன்று முதல் தடவையாக அதைப் பார்த்து எனக்கே குமட்டியது.

மறுநாள் காலை விடிந்து ஒரு நாழிகைக்குள் புறப்படவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? ஒன்பது மணிக்குப் போய் நின்றேன். தூங்கிவிட்டேன் என்றேன். பேரருவிக்குப் போகவேண்டும் என்று கேட்ட அத்தையை ஐந்தருவிக்குக் கூட்டிப் போனேன். அங்கே நெருக்கடி, ஆள் மேல் ஆள். "எண்ணெய் எங்கட்டி?" என்றார். "மறந்துட்டேன், அத்தை" என்றேன். தங்கை சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து கொலுசைச் சரிசெய்தேன். அருவிக்குள்ளே அவரை யாரோ இடித்தார்கள். நான் கையை நீட்டவில்லை. தங்கைதான் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டே மற்றக் கையால் மாமியாரைப் பிடித்து ஓரமாகக் கொண்டுவந்தாள். மருமகள் பிடித்து அவர் நடந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

வெளியே வந்ததும் அந்தப் பசி வந்தது. அத்தை தலையைத் துவட்டிக்கொண்டே என் கையைப் பார்த்தார். என் கையில் ஒன்றும் இல்லை.

"சோறு?"

"கட்டி வச்சேன், அத்தை. எடுக்க மறந்துட்டேன்."

அவர் முகம் போன போக்கை என்ன சொல்ல. அப்போது தங்கை தன் பையிலிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்தாள். பையனுக்கென்று தயிர்ச்சோறும் நார்த்தங்காயும் கொண்டுவந்திருந்தாள். ஆனால் அது ஒரு பிள்ளைக்குக் கட்டிய அளவு இல்லை, நாலு பேருக்குக் காணும். திட்டு வாங்கி வாங்கி, எங்கே போனாலும் இரண்டு மடங்கு கட்டிக்கொண்டு போகிற பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. சோற்றை உருட்டி முதல் உருண்டையை மாமியார் கையில் வைத்தாள். அத்தை வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்று வாங்கினார். மூன்றாவதையும் வாங்கினார்.

சாப்பிட்டுக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாத்தியார் பெண்டாட்டி ஆன பிறகு கெட்டுப்போய்விட்டாள் என்று நினைத்திருப்பார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

"நல்ல வேளை, அன்னைக்கு நாங்க உன்னை எடுத்தோம். இவளை நம்பியிருந்தா பட்டினிதான்" என்றார்.

தங்கை கையில் சோற்றோடு அப்படியே இருந்தாள். அவள் கண் நிறைந்து வழிந்ததை அத்தை கவனிக்கவில்லை.

நான் செய்யவேண்டும் என்று கிளம்பி வந்த காரியம் முடிந்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. எழுந்து நின்று, எண்ணெயை நான் மறப்பேனா, எனக்கா நேரம் தெரியாது, எல்லாம் வேண்டுமென்றே செய்தேன் என்று அந்த ஐந்தருவியும் கேட்கக் கத்தவேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"உனக்கு என்னட்டி, ஏன் கண்ணு கலங்குது?" என்றார் அத்தை.

"பசி, அத்தை" என்றேன்.

தங்கை ஓர் உருண்டையை உருட்டி என் முன்னால் நீட்டினாள். அவள் கையிலிருந்து அதை வாங்க எனக்குப் பிடிக்கவில்லை. வாங்கிச் சாப்பிட்டேன்.